வீட்டிலிருந்து வீட்டுக்கு: சிறு பிள்ளைகளுக்குப் பேஸ்பாலை அறிமுகப்படுத்துவது எப்படி

டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்தில் பிறந்த பிள்ளைக்கு நான்கு வயது நிறைவதற்குள் யாராவது ஒரு மாமா கிரிக்கெட் மட்டையை வாங்கிக் கையில் கொடுத்துவிடுகிறார். பேஸ்பால் அப்படி வீடு தேடி வருவதில்லை. தொலைக்காட்சியில் எப்போதாவது கண்ணில் பட்டு மறைந்துபோகும் அயலூர் ஆட்டமாகவே அதை நம் குடும்பங்கள் பார்க்கின்றன. உண்மையில் இந்த ஆட்டம் தென்னாப்பிரிக்காவுக்குப் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஜோஹானஸ்பர்க் பக்கத்துத் தங்கச் சுரங்கங்களுக்கு வேலைக்கு வந்த அமெரிக்கர்கள் அதை இங்கே கொண்டுவந்தார்கள். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் ஆடிய நம் நாட்டு அணி நெதர்லாந்து அணியை வென்றும் இருக்கிறது.

வார இறுதித் தமிழ் வகுப்பு முடிந்து பெற்றோர் வந்து அழைத்துச் செல்லும் வரை கிடைக்கும் அரை மணி நேரத்தில், நான்கு முதல் ஏழு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இந்த ஆட்டத்தை நான் சில ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். முதல் ஆண்டில் எல்லோரையும் போல மட்டையிலிருந்துதான் தொடங்கினேன். இரண்டாம் நாளே ஒரு பையன் பந்தை அடித்த வேகத்தில் மட்டையையும் விட்டுவிட, அது பறந்து போய் என் காரின் பக்கவாட்டுக் கண்ணாடியை உடைத்தது. அதன் பிறகு வரிசையை மாற்றிக்கொண்டேன். முதலில் கதை, அடுத்து ஓட்டம், அதற்கும் பிறகே மட்டை. இந்த வரிசையில் சென்றால், கிரிக்கெட் மட்டுமே அறிந்த வீட்டுப் பிள்ளைக்கும் மூன்று நான்கு வாரங்களில் ஆட்டத்தின் உயிர்நாடி பிடிபட்டுவிடுகிறது.

தமிழில் இதற்கு அடிபந்தாட்டம் என்று ஒரு பெயர் வழங்குகிறது. அந்தப் பெயரில் எனக்குச் சிறு மனக்குறை உண்டு. அடிப்பதை அது முன்னிறுத்துகிறது, ஆனால் பிள்ளைகளுக்கு முதலில் புரிய வேண்டியது ‘பேஸ்’ என்பதுதான். நம் பழைய ஆட்டங்களில், ஓடி வந்து தொட்டுவிட்டால் பிறகு யாரும் நம்மைப் பிடிக்க முடியாது என்னும் இடத்துக்குத் தாய்ச்சி என்று பெயர். பேஸ் என்பதும் அதுவே. வீட்டில் தாத்தாவோ ஆயாவோ இருந்தால், அவர்கள் சிறு வயதில் ஆடிய ஓடிப்பிடித்தலில் தாய்ச்சி எது, மாமரமா வாசற்படியா என்று முதலில் அவர்களைக் கேட்கச் சொல்லுங்கள். பிள்ளைக்கு அந்தச் சொல் பிடிபட்ட நாளில் பேஸ்பாலின் பாதி விதிகள் தாமாகவே விளங்கிவிடும்.

ஆட்டத்தின் கதையை இப்படிச் சொல்லலாம். ஒருத்தி தன் வீட்டு வாசலிலிருந்து புறப்படுகிறாள். வழியில் மூன்று உறவினர் வீடுகள் இருக்கின்றன. ஒவ்வொரு வீட்டிலும் நின்று இளைப்பாறலாம். வீட்டுக்குள் இருக்கும் வரை ஆபத்தில்லை, தெருவில் ஓடும்போதுதான் ஆபத்து. மூன்று வீடுகளையும் தொட்டுத் தன் வீட்டுக்கே திரும்பினால் ஒரு ஓட்டம். மூன்றாம் வீடு வரை வந்து அங்கேயே நின்றுபோனால் ஒன்றுமே கணக்கில் சேராது. கிரிக்கெட்டில் எதிர் முனையைத் தொட்டாலே ஓர் ஓட்டம் என்று பழகிய பிள்ளைக்கு இது முதலில் அநியாயமாகத் தோன்றும். வீடு திரும்பினால்தானே பயணம் முடிந்ததாகும் என்று கேட்டால் ஒத்துக்கொள்ளும். என் வகுப்பில் முதல் பேஸுக்கு ஃபீனிக்ஸ் மாமா வீடு என்றும், இரண்டாவதற்கு வெருலம் சித்தி வீடு என்றும், மூன்றாவதற்கு டொங்காட் பெரியம்மா வீடு என்றும் பெயர் வைத்தோம். டர்பனிலிருந்து வடக்கே போகும் சாலையில் அந்த ஊர்கள் அதே வரிசையில் வருவதால் பிள்ளைகள் ஒரு நாளும் வரிசையை மறப்பதில்லை. உங்கள் உறவினர் எங்கெங்கே இருக்கிறார்களோ அதற்கேற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

இனிப் படப் புத்தகங்களைப் பற்றி. இங்குள்ள நூலக அலமாரிகளில் கால்பந்து, கிரிக்கெட், ரக்பி புத்தகங்களோடு பேஸ்பால் புத்தகமும் ஒன்றிரண்டு அகப்படலாம். பழைய புத்தகக் கடைகளிலும் நான் சில எடுத்திருக்கிறேன். கிடைப்பதையெல்லாம் வாங்கிவிட வேண்டாம். ஆடுகளம் முழுவதையும் மேலிருந்து காட்டும் ஒரு படமாவது உள்ளே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்த ஒரு படம் பத்துப் பக்க விளக்கத்துக்கு ஈடாகும். அடுத்து, ஒரு பக்கத்தில் இரண்டு மூன்று வரிகளுக்கு மேல் இருந்தால் ஐந்து வயதுக்குக் கீழுள்ள பிள்ளைக்கு அது சரிப்படாது. விதிகளை அடுக்கும் புத்தகத்தைவிட, ஒரு பிள்ளை முதல் முறையாக ஆடப்போய்ப் பந்தைத் தவறவிட்டு அழுது மறுபடி அடிக்கும் கதைப் புத்தகம் எவ்வளவோ மேலானது.

புத்தகத்தில் உள்ள ஆங்கில வரிகளை அப்படியே வாசிக்க வேண்டிய கட்டாயமில்லை. படத்தைக் காட்டித் தமிழில் கதை சொல்லுங்கள். பந்து எங்கே இருக்கிறது, இவள் எந்த வீட்டில் நிற்கிறாள், இனி எங்கே ஓடுவாள் என்று கேள்விகளாகக் கேட்டுக்கொண்டே பக்கத்தைத் திருப்புங்கள். இங்கு நம் பிள்ளைகளில் பலருக்கு வீட்டுமொழி ஆங்கிலமாகவே ஆகிவிட்ட நிலையில், ‘ஓடு’, ‘நில்’, ‘பிடி’, ‘எறி’, ‘திரும்பு’ என்னும் ஏவல் வினைகள் இந்த ஆட்டத்தின் வழியாக நாவில் ஏறுவது எனக்கு இரட்டை மகிழ்ச்சி. ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். அமெரிக்கப் புத்தகங்களில் பனி உருகி, மரம் துளிர்த்து, ஏப்ரலில் ஆட்டப் பருவம் தொடங்கும். நமக்கு ஏப்ரல் என்பது கோடை வடிந்து குளிருக்குத் திரும்பும் மாதம். படத்திலுள்ள பிள்ளை ஏன் ஏப்ரலில் ஸ்வெட்டரைக் கழற்றுகிறது என்று ஒரு சிறுமி என்னைக் கேட்டாள். அன்றைய வகுப்பு முழுவதும் ஓர் ஆரஞ்சுப் பழத்தை வைத்துக்கொண்டு பூமி சுற்றுவதைக் காட்டுவதிலேயே கழிந்தது.

நல்ல புத்தகம் கிடைக்கவில்லையென்றால் நீங்களே செய்துவிடலாம். சொல்லப்போனால், கடைப் புத்தகத்தைவிட இதையே பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். இரண்டு ஏ4 தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாதியாக மடித்து, மடிப்பில் இரண்டு ஸ்டேப்ளர் ஊசி போட்டால் எட்டுப் பக்கங்கள் கிடைக்கும். என் வகுப்புப் புத்தகத்தின் வரிகள் இவை, தேவையானால் எடுத்துக்கொள்ளுங்கள்.

இது கயலின் வீடு. கயல் வாசலில் நிற்கிறாள்.
பந்து வருகிறது. டப்! கயல் அடிக்கிறாள்.
மட்டையைக் கீழே வைக்கிறாள். ஓடு, கயல், ஓடு!
மாமா வீடு வந்துவிட்டது. இங்கே பயமில்லை.
தம்பி பந்தை அடிக்கிறான். ஓடு, கயல், ஓடு! சித்தி வீடு வந்துவிட்டது.
பந்து புல்லுக்குள் ஒளிந்துகொண்டது. ஓடு, கயல், ஓடு! பெரியம்மா வீடு வந்துவிட்டது.
கயலும் வருகிறாள், பந்தும் வருகிறது. யார் முந்துவார்?
கயல் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஒரு ஓட்டம்!

மட்டையைக் கீழே வைப்பதற்கு ஒரு தனிப் பக்கம் ஒதுக்கியிருப்பதன் காரணத்தை என் கார்க் கண்ணாடியைக் கேட்டால் தெரியும். ஏழாம் பக்கத்தில் கேள்வியோடு நிறுத்தி, பக்கத்தைத் திருப்பாமல் சற்று நேரம் காத்திருங்கள். பந்துக்கும் ஓடுபவளுக்கும் இடையிலான அந்தப் போட்டியே பேஸ்பால் என்பதைப் பிள்ளை அந்த மௌனத்தில் உணர்ந்துகொள்ளும். படங்களைப் பிள்ளைகளே வரையட்டும். மட்டை மனிதனைவிடப் பெரிதாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

கயல் கதை பழகிய பிறகு உண்மை மனிதர்களின் கதைகளுக்குப் போகலாம். நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு முதலில் சொல்ல வேண்டியது கிஃப்ட் ங்கோபேயின் கதை. ஜோஹானஸ்பர்க்கை அடுத்த ராண்ட்பர்க்கில், ஒரு பேஸ்பால் கிளப்பில் அவருடைய தாய் வேலை பார்த்தார். அந்தக் கிளப் கட்டடத்திலிருந்த ஓர் அறைதான் அவர்களுக்கு வீடு. அறைக் கதவைத் திறந்தால் ஆடுகளம். அங்கேயே ஆடி வளர்ந்தவர் 2017 ஏப்ரல் 26 அன்று, நம் சுதந்திர தினத்துக்கு முதல் நாள், பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணிக்காகக் களமிறங்கினார். ஆப்பிரிக்கக் கண்டத்தில் பிறந்து, அமெரிக்காவின் உச்ச நிலைப் போட்டியான மேஜர் லீக்கில் ஆடிய முதல் வீரர் அவரே. முதல் முறை மட்டை பிடித்தபோதே பந்தை அடித்து முதல் பேஸையும் அடைந்தார். ஆடுகளத்திலேயே வீடு இருந்த பையன் என்னும் செய்தி பிள்ளைகளைக் கவரும் அளவுக்கு வேறெதுவும் கவர்வதில்லை.

ஆறு ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு ஜாக்கி ராபின்சனைப் பற்றியும் சொல்லலாம். கறுப்பர்களைச் சேர்க்காமல் அரை நூற்றாண்டுக்கு மேலாக நடந்துவந்த மேஜர் லீக்கில், 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்லின் டாட்ஜர்ஸ் அணிக்காக அவர் ஆடினார். அவருடைய சட்டையிலிருந்த 42 என்னும் எண்ணை, இனி எந்த அணியிலும் புதிதாக யாருக்கும் தருவதில்லை என்று 1997இல் ஓய்வுபெறச் செய்தார்கள். இப்போது ஆண்டுதோறும் ஏப்ரல் 15 அன்று மட்டும் எல்லா வீரர்களும் 42ஐ அணிந்து ஆடுகிறார்கள். நமக்குச் சித்திரைப் புத்தாண்டின் மறுநாள் அது. புத்தாண்டுக்கு ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா ஆயா வீட்டில் இருக்கும்போதே இந்தக் கதையைச் சொல்வது நல்லது. இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தால் வீடிழந்து சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பப்பட்ட தலைமுறை அது. எந்தக் கடற்கரையில் தங்களால் கால் நனைக்க முடியவில்லை, எந்த மைதானத்தில் ஆட முடியவில்லை என்பதை அவர்கள் தம் வாயால் சொல்லும்போது, ராபின்சன் வேறு நாட்டு மனிதராகத் தோன்ற மாட்டார். பெண் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் டோனி ஸ்டோனை விட்டுவிடாதீர்கள். 1953இல், கறுப்பர்களின் லீக்கில், இண்டியானாபோலிஸ் கிளௌன்ஸ் என்னும் ஆண்கள் அணியில் இரண்டாம் பேஸைக் காத்து ஆடிய பெண் அவர்.

இனி முற்றத்துக்கு வரலாம். முதல் நாள் பந்தும் வேண்டாம், மட்டையும் வேண்டாம். சுண்ணக்கட்டியால் தரையில் ஒரு சதுரத்தை வரைந்து, அதன் ஒரு முனை உங்களைப் பார்த்திருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள், அதுவே வீட்டு முனை. பெரியவர்களின் களத்தில் ஒரு பேஸுக்கும் அடுத்ததற்கும் இடையே 27.43 மீட்டர், பிள்ளைகளுக்குப் பெரியவர் அடியில் எட்டு அடி எடுத்துவைக்கும் தூரம் போதும். நான்கு மூலைகளிலும் பழைய சாக்குத் துண்டுகளைப் போடலாம். சிமெண்டுத் தரையானால் சாக்கு வழுக்கும், ஆகவே சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டு அதற்குள் உறவினர் பெயரை எழுதுங்கள். பெயரைத் தமிழில் எழுதுங்கள் என்று நான் தனியே சொல்ல வேண்டியதில்லை.

இங்கேதான் முதல் சிக்கல் வரும். வீட்டு முனையில் நிற்கும் பிள்ளை வலப்பக்கம் இருக்கும் மாமா வீட்டுக்கு ஓட வேண்டும். ஆனால் பாதிப் பேர் இடப்பக்கம் இருக்கும் பெரியம்மா வீட்டுக்கு ஓடுவார்கள். நான் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்துத் தோற்ற பிறகு, ஒரு நாள் கோயிலை நினைத்துக்கொண்டேன். சந்நிதியை வலம் வரும்போது சாமி நம் வலக்கைப் பக்கம் இருப்பார். பேஸ்பாலில் களத்தின் நடு எப்போதும் இடக்கைப் பக்கம் இருக்க வேண்டும். அதாவது, பிரகாரம் சுற்றுவதற்கு நேர் எதிர்த்திசை. இதைச் சொன்ன நாளிலிருந்து தவறாக ஓடுபவரைப் பார்த்து, ‘இது கோயில் இல்லை, திரும்பு’ என்று மற்ற பிள்ளைகளே கத்துகிறார்கள். வலம் வருதலைக் கேலிசெய்வது போல ஆகிவிடுமோ என்று ஓர் அம்மா தயங்கினார். எந்தத் திசையில் வலம் வர வேண்டும் என்பதைத் தம் மகன் இதனால்தான் கற்றான் என்று பிறகு அவரே சொன்னார்.

இரண்டாம் வாரம் பந்து வரட்டும். பெரியவர்களின் பேஸ்பால் பந்து 142 முதல் 149 கிராம் எடை. கிரிக்கெட் பந்தைவிடச் சற்றே இலேசு என்றாலும், பட்டால் அதே வலி. ஆகவே அதைக் காட்சிப் பொருளாக மட்டும் வைத்துக்கொண்டு, சிவப்பு நூல் தையலை விரலால் தடவிப் பார்க்கச் செய்யுங்கள். அதில் 108 இரட்டைத் தையல்கள் உண்டு. கோயிலில் 108 போற்றி கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இந்த எண்ணைக் கேட்டதும் எண்ணத் தொடங்கிவிடுவார்கள், நாற்பதில் வழி தவறவும் செய்வார்கள். ஆடுவதற்குப் பழைய காலுறைகளைச் சுருட்டி ஒன்றுக்குள் ஒன்றாகத் திணித்துச் செய்த பந்தே சிறந்தது. அது முகத்தில் பட்டாலும் அழுகை வராது, அண்டை வீட்டு மதிலையும் அவ்வளவு எளிதில் தாண்டாது.

பந்தைப் பிடிக்கக் கற்றுக்கொடுக்க, முதலில் தரையில் உருட்டிவிடுங்கள். முழங்காலை மடக்கிக் குனிந்து, ஒரு கையைத் தரையிலும் மறு கையை அதற்கு மேலேயும் வாய் திறந்தாற்போல வைக்கச் சொல்லுங்கள். பந்து உள்ளே வந்ததும் வாய் மூட வேண்டும். நம் மாகாணத்துச் செயின்ட் லூசியாவில் படகில் போய் முதலையைப் பார்த்துவந்த பிள்ளைக்கு ‘முதலை வாய்’ என்ற ஒரு சொல் போதும். எறிவதில் ஒரு திருத்தம் உண்டு. கிரிக்கெட்டில் பந்து வீசும்போது முழங்கையை மடக்கி நிமிர்த்தக் கூடாது என்று அண்ணன்மார் மிரட்டி வைத்திருப்பார்கள். இங்கே கை மடங்கலாம், மடங்கியே தீர வேண்டும். வலக்கையால் எறிபவர் இடத் தோளை எறியும் பக்கம் திருப்பி, இடக் காலை முன்வைத்து எறியட்டும். தெருவில் தகர டப்பாக்களை அடுக்கிப் பந்தால் சரிக்கும் த்ரீ டின்ஸ் ஆட்டத்தில் பழகிய கைகளுக்கு இது தானாக வரும்.

மட்டை மூன்றாம் வாரத்தில். வரும் பந்தை அடிக்க ஆறு வயதுக் கண்ணாலும் எளிதில் முடியாது. எனவே பந்தை ஒரு தாங்கியின் மேல் நிறுத்திவைத்து அடிக்கச் செய்யுங்கள். இதற்கென்று விற்கும் டீ என்னும் தாங்கியை வாங்க வேண்டியதில்லை. காலி பெயிண்ட் வாளியில் மணலை நிரப்பி, நடுவே பிளாஸ்டிக் குழாய் ஒன்றை நட்டு, பிள்ளையின் தொப்புள் உயரத்துக்கு வெட்டிவிட்டால் ஆயிற்று. மட்டையாக இலேசான பிளாஸ்டிக் மட்டை நல்லது. பிடிக்கும் முறை கிரிக்கெட்டைப் போலவேதான், வலக்கைக்காரருக்கு இடக்கை கைப்பிடியின் நுனியில், வலக்கை அதை அடுத்து. ஆனால் மட்டை தரையைத் தொட்டு நிற்காமல் தோளுக்கு மேல் நிற்கும், வீசுவதும் தரைக்கு இணையாக, கதவு திறப்பதைப் போல வீச வேண்டும். மட்டை பிடிப்பவரைச் சுற்றி மூன்று மீட்டருக்குள் வேறு யாரும் நிற்கக் கூடாது என்பதில் மட்டும் எந்தச் சலுகையும் தராதீர்கள்.

மட்டையை எறிவதைத் தடுக்க ஒரு வழி கண்டேன். டீக்குப் பக்கத்தில் ஒரு பழைய டயரைப் போட்டு, அடித்ததும் மட்டையை அதற்குள் வைத்துவிட்டுத்தான் ஓட வேண்டும், வெளியே விழுந்தால் திரும்பி வந்து வைக்க வேண்டும் என்று விதி செய்தோம். கிரிக்கெட் பிள்ளைகளுக்கு இதற்கு நேர்மாறான பழக்கமும் உண்டு: மட்டையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு மாமா வீடு வரை ஓடி, அதன் நுனியால் பேஸைத் தொடுவார்கள். இரண்டு நோய்க்கும் அந்த ஒரே டயர்தான் மருந்து.

அடுத்த பழக்கம் மாற இன்னும் சில நாள் ஆகும். கிரிக்கெட்டில் பந்தை எந்தப் பக்கம் தட்டினாலும் ஓடலாம். விக்கெட் கீப்பரைத் தாண்டிப் பின்னால் போனாலும் நான்குதான். பேஸ்பாலிலோ வீட்டிலிருந்து மாமா வீட்டுக்கும் பெரியம்மா வீட்டுக்கும் போகும் இரு கோடுகளை நீட்டினால் கிடைக்கும் விசிறி வடிவத்துக்குள் பந்து போனால்தான் செல்லும். வெளியே போனால் அது ஃபவுல். அந்தக் கோடுகளைச் சுண்ணக்கட்டியால் முற்றத்தின் எல்லை வரை இழுத்துவிடுங்கள். விசிறிக்கு வெளியே அடித்த பிள்ளையைக் கடிந்துகொள்ளாமல், பந்தை மறுபடி டீயில் வைத்துவிட்டால் போதும். ஆனாலும் கிரிக்கெட்டில் தேர்ந்த அண்ணன்மார் நுணுக்கமாகப் பின்னால் தட்டிவிட்டுப் பெருமையோடு ஓடத் தொடங்குவதையும், ஐந்து வயதுத் தங்கைகள் ‘ஃபவுல்’ என்று அவர்களை நிறுத்துவதையும் பார்ப்பது இந்த அரை மணி நேரத்தின் பெரிய வேடிக்கை.

அவுட் ஆகும் விதிகளில் முதலில் இரண்டு போதும். பந்தைத் தரையில் படாமல் பிடித்தால் அவுட். இது அவர்களுக்கே தெரியும். அடித்தவர் மாமா வீட்டைச் சேரும் முன், பந்தைக் கையில் வைத்திருப்பவர் அந்த வீட்டைத் தொட்டுவிட்டால் அவுட். இது கயல் கதையின் ஏழாம் பக்கத்தை ஒத்தது. ஓடுபவரைப் பந்தோடு தொட்டு அவுட் ஆக்குவதைச் சில வாரம் கழித்துச் சேர்க்கலாம், ஆனால் ஓடுபவர்மேல் பந்தை எறியக் கூடாது என்பதை அன்றே சொல்லிவிட வேண்டும். மூன்று ஸ்ட்ரைக், நான்கு பால், ஒன்பது இன்னிங்ஸ் எல்லாம் எட்டு வயதுக்குப் பிறகு. ஐந்து வயதுக்குக் கீழுள்ளவர்களுக்கு அவுட்டே வேண்டாம். எல்லோரும் ஒரு முறை அடித்து, எல்லோரும் வீடு திரும்பியதும் அணிகள் மாறிக்கொள்ளட்டும். ஓட்டங்களை எண்ணுவதா என்று கேட்டால், எண்ணாமல் இருப்பதே என் கட்சி. பிள்ளைகள் தாங்களாகவே எண்ணிக்கொள்வார்கள், அந்தக் கணக்கு ஒரு நாளும் சரியாக இராது.

டர்பனின் கோடைப் பிற்பகல்களில் இடிமழை சொல்லாமல் வரும். அன்று கயல் புத்தகத்தை எடுத்து, ஒரு பிள்ளை வாசிக்க மற்றவர்கள் அறையின் நான்கு மூலைகளுக்கும் நடந்து நடிக்கலாம். ஓடக் கூடாது, டைல்ஸ் தரை ஈரக் காலுக்கு எமன்.

கையுறையை எப்போது வாங்குவது என்று பெற்றோர் முதல் மாதத்திலேயே கேட்கிறார்கள். காலுறைப் பந்தை வெறுங்கையால் பத்துக்கு ஆறு முறையாவது பிடிக்கும் வரை அது தேவையில்லை. பெரும்பாலும் ஏழு வயதை ஒட்டித்தான் அது நடக்கிறது. வாங்கும்போது, எறியாத கைக்கு உரியதை வாங்க வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்: வலக்கையால் எறியும் பிள்ளைக்குக் கையுறை இடக்கையில். கடையில் பிள்ளையின் கையில் மாட்டி, அதனால் தானாகவே மூடித் திறக்க முடிகிறதா என்று பாருங்கள். வளர்வானே என்று பெரிதாக வாங்கிய கையுறைக்குள் பந்து நிற்பதில்லை. பள்ளிச் சீருடையை இரண்டு அளவு கூட்டி வாங்கும் நம் வழக்கத்தை இதில் மட்டும் கைவிட வேண்டும்.